பேச ஆள் இருக்கும்போது

எங்கள் சபையில் மன்றாட்டு ஜெபத்தின்போது ஒளிவுமறைவில்லாமல் நித்திரை கொள்ளுகிற ஒரே ஆள் கிளாக்கர் அக்காதான். மற்றவர்களும் கொள்ளுவார்கள். ஆனால் தலையைக் குனிந்து, கையைக் கோத்து, பார்க்கிறவர்களுக்குப் பக்தி போலத் தெரிகிற மாதிரிக் கொள்ளுவார்கள். அக்காவுக்கு அந்தச் சூதெல்லாம் தெரியாது. கதிரையில் நன்றாகச் சாய்ந்து, கைப்பையை மடியில் வைத்து, வாயை இலேசாகத் திறந்துகொண்டு உறங்குவார். சில வெள்ளிக்கிழமைகளில் குறட்டையும் வரும்.

அந்த ஜெபத்தை நடத்துகிறவர் என் கணவர். எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று இனிச் சொல்லத் தேவையில்லை.

இவருடைய ஜெபத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருள் எந்தத் தட்டில் என்று ஒப்புவித்த பழக்கம் ஜெபத்திலும் விடவில்லை. நிலாவெளியில் தொடங்கி, நகரத்தைச் சுற்றி, மூதூர், வெருகல் வரை ஊரூராகப் போவார். எங்கே யாருக்கு வருத்தம், ஆஸ்பத்திரியில் எந்த வாட்டு, சன்னலோரக் கட்டிலா கதவோரக் கட்டிலா, டொக்டர் என்ன சொன்னவர், எல்லாம் வரும். ஆண்டவர் தவறுதலாகப் பக்கத்துக் கட்டில்காரனைச் சுகப்படுத்திவிடுவாரோ என்று பயந்தவர் போலப் பேசுவார். வீட்டில் இதைச் சொல்லி நான் சிரித்தால், "உனக்கு எல்லாம் பகிடி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனாலும் அழகான குரல். அந்தக் குரலைக் கேட்கவே சிலர் வருவார்கள். எனக்கும் அதில் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒருநாள் ஜெபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"அக்கா, வீட்டில நித்திரை காணாதோ?"

"காணும் பிள்ளை. ஏன்?"

"இல்ல, ஜெபத்தில நல்லாக் கொண்டீங்கள். அதுதான் கேட்டனான்."

நாணுவார் என்று பார்த்தேன். அக்கா தேத்தண்ணியை ஆற அமர ஊதிக் குடித்தார்.

"ஓம், உங்கட அவர் வடிவாக் கதைக்கிறார். மேலயும் ஒராள் பிதாவுக்குப் பக்கத்தில இருந்து எங்களுக்காகக் கதைச்சுக்கொண்டிருக்கிறார். பேச ரெண்டு பேர் இருக்கேக்க நான் ஏன் முழிச்சிருக்கோணும்?"

பகிடியா, உண்மையாகத்தான் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அக்காவிடம் இரண்டும் ஒரே முகத்தோடுதான் வரும்.

அவர் ஒரு பெண் சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருந்தார். கோட்டு முழுக்க, சபை முழுக்க, பஸ் கொண்டக்டர் உட்பட எல்லோருக்கும் கிளாக்கர் அக்கா. குட்டையான உருவம். வெள்ளைச் சட்டை, கரை போட்ட சேலை, றப்பர் செருப்பு. தோல் செருப்புப் போட்டால் நீதிமன்றத்துக்குள் கிறீச் என்று சத்தம் கேட்கும் என்பதால் மழையோ வெயிலோ றப்பர் செருப்புத்தான். பாலையூற்றில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். கலியாணம் கட்டினவரா, கட்டி விட்டவரா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டால், "அது வழக்கில்லாத விசயம் பிள்ளை" என்று வேறு கதைக்குப் போய்விடுவார்.

அவருடைய வேலை கோப்புத் தூக்குவது, தவணை நாள் குறிப்பது, கட்சிக்காரரைக் கூட்டி வந்து இருத்துவது. ஆனால் அவரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். "என்ட வேலை சனத்தின்ட வாயைப் பொத்துறது" என்பார். "நல்ல லோயர் எழும்பி நிண்டா, கட்சிக்காரர் செய்யவேண்டிய பெரிய வேலை என்ன தெரியுமோ? சும்மா இருக்கிறது. அதுதான் ஒருத்தருக்கும் ஏலாது." தாய்மார் இடையில் அழுது குளறுவார்கள். தகப்பன்மார் எழும்பிச் சத்தியம் செய்வார்கள். லோயர் கஷ்டப்பட்டுக் கட்டினதை ஒரு நிமிஷத்தில் வீட்டுக்காரர் உடைத்துப் போட்டுவிடுவார்கள் என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கைப்பையில் எப்போதும் இஞ்சி டொபி இருக்கும். வழக்குக் கூப்பிடப்போகிற நேரம் பார்த்து, வீட்டுக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பார். "வாயில போடுங்கோ. கடிக்கப்படாது, உறிஞ்சோணும்." வாய்க்குள் டொபி இருக்கிறவன் எழும்பிக் கத்தமாட்டான் என்பது அவருடைய அனுபவம். நோன்பு மாதத்தில் அதுவும் சரிவராது. தோப்பூரிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வயல் தண்ணிச் சண்டை வழக்கொன்றுக்காகப் புருஷனுக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். "நோன்பு, டீச்சர்" என்று அவர் டொபியைத் திருப்பிக் கொடுக்க, அக்கா தன்னுடைய குடையை விரித்து அவர் கையில் கொடுத்திருக்கிறார். "இதை மடிச்சு, வடிவா உருட்டிக்கொண்டிருங்கோ. நான் வந்து வாங்குறன்." வழக்கு முடியும்வரை அந்தப் பெண் குடையை மடித்துக்கொண்டே இருந்தாராம், புருஷன் வெளியில் வந்துவிட்டான். அக்காவை ஏன் டீச்சர் என்று கூப்பிட்டார் என்று கேட்டேன். "வாயைப் பொத்தச் சொல்லுற ஆக்களெல்லாம் டீச்சர்தானே" என்றார். நான் டீச்சர். எனக்குச் சொன்ன பதில் அது.

இதையெல்லாம் நான் சிரிப்புக் கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோட்டு என்பது வேறு சனம் போகிற இடம் என்று நினைத்திருந்த காலம்.

எங்கள் மகன் நேசனைப் பொலிஸ் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சல்லிக் கடற்கரையில் ஒரு மீனவருடைய போட் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கழற்றினது வேறு பெடியங்கள். லொறி ஓட்டினது நேசன். பொலிஸ் கேட்டதும் ஒத்துக்கொண்டு, எஞ்சினை மறைத்து வைத்த பற்றையையும் அவனே காட்டியிருக்கிறான். விளக்கமறியலில் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கிழமை எப்படிப் போனதென்று சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சுகமில்லை என்று அறிவித்தேன். வழக்கமான சந்தையை விட்டு, முகம் தெரியாத கடையில் மீன் வாங்கினேன். மீன்காரன் மீனை வெட்டும்போது, இவனுடைய எஞ்சினாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மகன் களவுக்குப் போனானே என்பதைவிட, ஊருக்குத் தெரியப்போகிறதே என்பதுதான் எனக்கு முன்னுக்கு வந்தது. பெற்ற தாய்க்கு எது முதலில் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். வந்தது இதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை இவர் வழக்கம்போல ஜெபம் நடத்தினார். எல்லா ஊருக்கும் போனார். எல்லா வாட்டுக்கும் போனார். எங்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் வரவில்லை. அக்கா பின்வரிசையில் குறட்டை விட்டார். நான் முதன்முறையாக அந்தக் குறட்டைக்கு நன்றி சொன்னேன். குனிந்த தலைகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பின, ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

லோயரிடம் போகத்தான் வேண்டும். நகரத்தில் வேறு லோயர்மாரும் இருந்தார்கள்தான். ஆனால் எல்லோரும் கைகாட்டினது அக்கா மிஸ் என்று சொல்கிற அந்தப் பெண் சட்டத்தரணியைத்தான். கந்தோருக்குள் போனதும் அக்கா தட்டச்சில் இருந்து தலையை நிமிர்த்தினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இதென்ன, நீங்களோ" என்று கேட்கவில்லை. எழும்பிக் கதிரை இழுத்துப் போட்டார். நான் விசயத்தைச் சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளை சாப்பிட்டவனோ எண்டு பொலிஸில கேட்டனீங்களோ?"

நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு அது தோன்றவேயில்லை. அக்கா பெயரையும் விலாசத்தையும் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

முதல் தவணைக்கு முதல் நாள் இவரை இருத்தி வைத்துச் சொன்னார். "ஐயா, நாளைக்கு மிஸ் கதைப்பா. நீங்கள் கதைக்கப்படாது. நீதவான் உங்களைப் பாத்துக் கேட்டா மட்டும் கதைக்கலாம். மிஸ் சொல்லுறதில உங்களுக்குப் பிடிக்காத கதையும் வரும். அதுக்கும் கதைக்கப்படாது. விளங்கினதோ?"

"விளங்கினது அக்கா" என்றார் இவர், சின்னப்பிள்ளை மாதிரி.

தவணை நாள் காலையில் கோட்டு வாசலில் சனத்துக்கு நடுவில், ஊருக்குள் திரிகிற மான்கள் சோறு சுற்றின கடதாசிக்காக நின்றன. மறியல் பஸ் வந்து நின்றது. உள்ளே போய் நீட்டு வாங்கில் இருந்தோம். எங்களுக்கு இரண்டு வாங்கு முன்னால், எஞ்சினுக்குச் சொந்தக்காரர் இருந்தார். வெயிலில் கறுத்த மெலிந்த மனுஷன், தோளில் துவாய். அக்கா எங்கள் வரிசைக்கு வந்து ஆளுக்கொரு டொபி தந்தார். நான் வாயில் போட்டேன். இவர் வாங்கி, தலையை ஆட்டி, சட்டைப்பையில் வைத்ததை நான் பார்த்தேன். பிறகு போடுவார் என்று நினைத்தேன். அக்கா சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். கிளாக்கர்மார் இருக்கிற இடத்தில் அவர் ஒருநாளும் இருப்பதில்லை.

நேசனைக் கூண்டில் ஏற்றினார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் எழும்பி, நிதானமாகத் தொடங்கினார். எஞ்சினை ஏற்றின லொறியைத் தான் ஓட்டினதை என் கட்சிக்காரர் மறுக்கவில்லை, பொலிசார் கேட்டபோது தானாகவே இடத்தைக் காட்டியிருக்கிறார், பொருள் மீட்கப்பட்டிருக்கிறது, இதற்கு முன் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனார். நீதவான் குறித்துக்கொண்டு கேட்டார். நல்லபடியாகத்தான் போனது.

என் பக்கத்தில் வாங்கு அசைந்தது.

"ஐயா, இது பொய்" என்றார் இவர். எழும்பி நின்றிருந்தார். "என்ட மகன் களவுக்குப் போற பிள்ளை இல்ல. அண்டைக்கு அவன் கடற்கரைப் பக்கமே போகேல்ல. எங்களோட வீட்டில, குடும்ப ஜெபத்தில இருந்தவன்."

வெள்ளிக்கிழமைக் குரல். அதே ஏற்றம், அதே இறக்கம். நீதிமன்றம் முழுக்க நிறைந்தது. களவு நடந்த அன்றைக்கு நேசனுடைய சாப்பாட்டுக் கோப்பை குசினியில் விடியும்வரை மூடினபடி கிடந்ததை நானும் பார்த்தேன், இவரும் பார்த்தார்.

நீதவான் பேனையை வைத்துவிட்டார். யார் இவர் என்று கேட்டார். தகப்பன் என்றதும், "மகன் ஒத்துக்கொண்டதைத் தகப்பன் மறுக்கிறார், எதை நான் எடுத்துக்கொள்வது?" என்று மிஸ்ஸிடம் கேட்டார். பொலிஸ் பொறுப்பதிகாரி அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தவர் போல எழும்பினார். வீட்டுக்காரரே இப்படிச் சொல்கிறார்கள் என்றால், வெளியில் விட்டால் சாட்சிகளைக் குழப்புவார்கள் என்றார். பிணை மறுக்கப்பட்டது. அடுத்த தவணை வரைக்கும் விளக்கமறியல். நேசனை இறக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. நான் அப்போதும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியில் வந்ததும் மிஸ் எங்களைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். "வீட்டுக்காரருக்கு ஒண்டும் சொல்லி வைக்கிறதில்லையா?"

"என்ட பிழை மிஸ்" என்றார் அக்கா. "நான் வடிவாச் சொல்லியிருக்கோணும்."

மிஸ் கோபத்தில் கனக்க ஏசினார். சனம் நின்று பார்த்தது. இவர் பதறிப்போய், "இல்ல, அவ சொன்னவ" என்று வாயெடுக்க, அக்கா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். மிஸ் போன பிறகு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கோவத்தை என்னில இறக்கிட்டாவெல்லே. இனி அடுத்த தவணைக்கு உங்களுக்காகக் கோவமில்லாமக் கதைப்பா. லோயருக்குக் கட்சிக்காரரில கோவம் இருக்கப்படாது பிள்ளை. எனக்கென்ன, நான் கேட்டுப் பழகினனான்."

இவர் வேர்வை துடைக்க லேஞ்சியை இழுத்தபோது டொபி கீழே விழுந்தது. அக்கா குனிந்து எடுத்தார். தாளும் பிரிக்காத டொபி.

"நீங்கள் இதைப் போடேல்லையோ?"

இவர் லேஞ்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உபவாசம் அக்கா" என்றார் பிறகு. "பிள்ளைக்காக."

"அதை எனக்குச் சொல்லியிருந்தாக் குடையைத் தந்திருப்பனே ஐயா."

"உபவாசம் இருக்கிறதை வெளியில சொல்லப்படாதே."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கினேன். இரகசியமாக உபவாசம் இருக்கத் தெரிந்த மனுஷனுக்கு, ஊரறியப் பொய் சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள் நான். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. வெட்கம் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து எஞ்சின்காரர் எங்களை நோக்கி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் என்னைப் பார்த்து, "நீங்கள் டீச்சரெல்லோ. என்ட மகளுக்குப் படிப்பிச்சனீங்கள்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பிறகு இவரைப் பார்த்தார். "ஐயா, எஞ்சினில்லாமக் கன நாளாத் தொழிலுக்குப் போகேல்ல. நீங்கள் சொல்லுறது சரியெண்டா, நான் சொல்லுறது பொய்யோ?"

இவருடைய அழகான குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. பதில் சொன்னது அக்காதான்.

"இல்லத் தம்பி. நீங்கள் சொல்லுறதுதான் உண்மை."

எங்களுக்கு முன்னால், எங்களுடைய லோயரின் கிளாக்கர் சொன்னார். அந்த மனுஷன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். "அக்கா, நீங்கள் எங்கட பக்கமெல்லோ" என்றேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"உங்கட பக்கம்தான் பிள்ளை. அதுதான் சொன்னனான். உண்மையை ஒத்துக்கொண்ட ஆளுக்குத்தான் பரிஞ்சு கதைக்கலாம். இல்லையெண்டு நிக்கிற ஆளுக்கு என்னத்தைக் கதைக்கிறது?"

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் விசயம் சபை முழுக்கப் பரவியிருந்தது. மன்றாட்டு நேரம் வந்ததும் போதகர் இவருடைய பெயரைச் சொன்னார். இவர் எழும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னார். ஏலாது என்று கையை அசைத்தார் இவர். ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாராவது ஜெபிப்பார்கள் என்று எல்லோரும் காத்திருக்க, அப்படியே அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதியில் கேட்ட ஒரே சத்தம் அக்காவின் குறட்டை. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இவர் திரும்பி அக்காவை வெகுநேரம் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அவவுக்கு எப்பிடி நித்திரை வருகுது?"

அடுத்த நாள் பின்னேரம் அக்கா வீட்டுக்கு வந்தார், மறியலில் நேசனைப் பார்க்கக் கொண்டு போகக்கூடிய சாமான் என்னென்ன என்று சொல்வதற்கு. இவர் அறையை விட்டு வெளியே வந்து அவருக்கு முன்னால் இருந்தார்.

"அக்கா, எனக்கு ஜெபம் வருகுதில்ல. வாயைத் திறந்தா அண்டைக்குக் கோட்டில நிண்டதுதான் வருகுது. பொய் சொன்ன வாய். இதால என்னெண்டு ஆண்டவரோட கதைக்கிறது?"

"நல்லது" என்றார் அக்கா.

"நல்லதோ?"

"கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுக்கட்டும். ஐயா, நீங்கள் கதைச்சதாலதான் இவ்வளவு நாளும் எல்லாம் நடந்தது எண்டு நினைச்சீங்களோ? உங்கட வாய் நிண்டா வழக்கும் நிண்டுபோச்செண்டோ? எங்களுக்கு என்ன கேக்கிறதெண்டு தெரியாத நேரமும் அங்க ஒராள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் பொய் சொன்ன நேரமும் அவர் எழும்பிப் போகேல்ல."

"என்னை மாதிரி ஆளுக்குமோ?"

"பிழை விடாத ஆளுக்குப் பரிஞ்சு பேச ஆள் எதுக்கு ஐயா?"

இவர் அழுதார். நான் இவர் அழுது பார்த்ததில்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன், தேவைக்கு அதிகமாக நேரம் எடுத்துப் போட்டேன். திரும்பி வந்தபோது இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா முகத்தில் தான் பெரிதாக ஏதோ சொல்லிவிட்டேன் என்ற பாவனை ஒன்றும் இல்லை. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்து, சீனி காணாது என்றார்.

இரண்டாம் தவணைக்கு இவர் உபவாசம் இருக்கவில்லை. காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டார். நீதவான் எங்களை மறக்கவில்லை. "தகப்பனார் இன்றைக்கும் ஏதாவது சொல்லப்போகிறாரா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். இவர் எழும்பினார். என் கை இவருடைய சட்டை நுனிக்குப் போனது.

"இல்ல ஐயா. போன தவணை நான் சொன்னது உண்மையில்ல" என்றுவிட்டு இருந்துவிட்டார்.

இவருடைய வாழ்க்கையிலேயே ஆகக் குறுகிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மிஸ் விட்ட இடத்திலிருந்து பேசினார், கோபமில்லாமல். எஞ்சின்காரர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேசனுக்குப் பிணை கிடைத்தது.

அவன் வீட்டுக்கு வந்து சில நாள் அறைக்குள்ளேயே கிடந்தான். ஒருநாள் நான் குசினியில் மரக்கறி வெட்டும்போது வந்து நிலைக்கதவில் சாய்ந்தான்.

"அம்மா, கூண்டில நிக்கிற ஆள் எங்க பாக்கிறது தெரியுமோ?"

"நீதவானை."

"இல்ல. பின்னால. எங்கட ஆக்கள் வந்திருக்கினமோ எண்டு. ரெண்டு தவணையும் பாத்தனான். நீங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தீங்கள். அப்பா நீதவானைத்தான் பாத்தவர். கிளாக்கர் அக்கா மட்டும்தான் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவ. கூண்டில இருந்து திரும்பினா நேர தெரியிற இடத்தில. கண்ணை எடுக்கவேயில்ல." நிலையை நகத்தால் சுரண்டினான். "அவவுக்கு என்னைப் பாக்க வெக்கமாயிருக்கேல்ல."

குற்றம் சொல்கிற குரலில் அவன் சொல்லவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரித்தான் சொன்னான். சொல்லிவிட்டு, வெட்டி வைத்திருந்த கரட்டில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்கு அதற்குப் பிறகு கத்தி ஓடவில்லை. மகனால் எனக்கு வந்த வெட்கத்தைத்தான் நான் இவ்வளவு நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். என்னுடைய குனிந்த தலை அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை.

வழக்கு இழுபட்டது. எங்களூர் வழக்குகள் அப்படித்தான். இடையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி இறங்கியது, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். நான் பார்க்கப் போனபோது நல்ல நித்திரை. எழுப்பவில்லை. அடுத்த நாள் போய்விட்டார். பாலையூற்றில் அடக்கத்துக்கு வந்த சனத்தில் பாதிப் பேரை எங்கள் சபையில் ஒருவருக்கும் தெரியாது. போதகர் இவரை ஜெபிக்கச் சொன்னார். முதல் தவணைக்குப் பிறகு இவர் பொதுவில் ஜெபித்ததில்லை. எழும்பி, கண்ணை மூடி, வெகுநேரம் நின்றார். ஊர்களும் வரவில்லை, வாட்டுகளும் வரவில்லை. "ஆண்டவரே, எங்களுக்காக நீரே பேசும்" என்றார். ஆமென் சொல்லிவிட்டு இருந்தார். அதற்குப் பிறகும் இன்றுவரை அவ்வளவுதான் இவருடைய ஜெபம். அது குறைந்துபோன ஜெபம் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடைசித் தவணை வந்தது. நேசன் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. தண்டனை என்னவென்று அன்றைக்குத் தெரியும், திரும்பவும் உள்ளே போகவும் கூடும். பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் கூண்டில் ஏறினான். மிஸ் எழும்பிப் பேசத் தொடங்கினார். இவர் வாங்கில் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தார். நான் எழும்பினேன். பின்வரிசையில் இருந்த சனத்தின் காலை விலக்கிக்கொண்டு போய்ச் சுவரோரமாக நின்றேன்.

சனம் என்னைப் பார்த்தது. என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், அவர்களும் பார்த்தார்கள். முகம் முழுக்கச் சுட்டது. வெட்கம் விட்டுப்போகும் என்று அந்த இடத்தில் நின்று பார்த்தேன். போகவில்லை. நேசன் கூண்டிலிருந்து மெல்லத் திரும்பினான், முதலில் எங்கள் வாங்கைப் பார்த்தான், பிறகு என்னைக் கண்டான். அந்த வெட்கத்தோடேயே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீதவான் சொன்ன தீர்ப்பு எனக்குக் கேட்கவில்லை. வெளியில் வந்த பிறகு இவர்தான் சொன்னார், ஒத்திவைத்த தண்டனை, பிள்ளை வீட்டுக்கு வரலாம் என்று.